வழுவின் பெயரை மறைக்கும் மென்பொருள்

தமிழ் இலக்கணகாரர் பிழையைக் கண்டவிடத்து "இது பிழை" என்று கூறி அமைந்தவர் அல்லர். திணை வழு, பால் வழு, இட வழு, கால வழு, வினா வழு, விடை வழு, மரபு வழு என அதனை எழுவகைப்படுத்தி, எது எவ்வாறு வழுவிற்று என்பதை இனங்காட்டினர். இனங்காட்டிய பின்னரே திருத்தம் கூறினர். திருத்த வேண்டாதவற்றுக்கு வழுவமைதியும் வகுத்தனர். பிழைக்குப் பெயரிடுதலே திருத்தத்தின் முதற்படி என்னும் உணர்வு நமது அறிவு மரபின் அடித்தளங்களுள் ஒன்றாகும்.

இன்று நமது மேசைகளின் மீதுள்ள கணினிகளில் இயங்கும் மென்பொருள்களோ இதற்கு நேர்மாறான மரபொன்றை நம்மீது சுமத்தியுள்ளன. கம்பியில்லா விசைப்பலகையையோ, ஹெட்செற்றையோ, சிறு அச்சுப்பொறியையோ கணினியுடன் சேர்க்க முற்படுகிறோம். சேரவில்லை. "இணைக்க முடியவில்லை, மீண்டும் முயல்க" என்னும் வாசகம் தோன்றுகின்றது. ஏன் முடியவில்லை என்பது கூறப்படுவதில்லை. மீண்டும் முயல்கிறோம், அதே வாசகம் மீண்டும் தோன்றுகின்றது.

அந்தக் காரணம் கணினிக்குத் தெரியாதது அன்று. தெரிந்தும் மறைக்கப்படுகின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். இது தொழினுட்பத்தின் இயலாமை அன்று. பயனாளரைப் பற்றிய இழிமதிப்பின் விளைவு. வன்னியைப் போன்றதொரு நிலப்பகுதியில் இம்மறைப்புக்கு மக்கள் கொடுக்கும் விலை பிற இடங்களிலும் பார்க்கக் கூடியது.

தமிழ்ச் சங்கமொன்றின் மலரில் இத்தகைய பொருளுக்கு இடமேது என வினவுவாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்துத் தமிழில் நூல்களும் வெளியிட்ட சாமுவேல் பிஸ்க் கிறீனுடைய பணியை நாம் ஆண்டுதோறும் மேடைகளிற் போற்றுகின்றோம். உடலின் நோய்க்குத் தமிழிற் பெயரிடுதல் தமிழ்ப்பணியாயின், கருவியின் நோய்க்குப் பெயரிடுதலும் தமிழ்ப்பணியே.

சோடி சேர்த்தலும் இணைத்தலும்

முதலில் நிகழ்வது யாது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். புளூடூத் எனப்படும் குறுந்தூர வானொலித் தொடர்பு முறை 1994 அளவில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்திற் கருக்கொண்டது. 1998 இல் எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி அமைத்த குழுவே இதன் பொதுவிதிகளை வகுத்து வருகின்றது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயரே இதற்கு இடப்பட்டது.

இம்முறையில் இரு வேறு செயல்கள் உள்ளன. ஒன்று, இரு கருவிகள் முதன்முறை சந்தித்து ஒன்றையொன்று நம்புவதற்கான இரகசியச் சாவியொன்றை உருவாக்கி, இரண்டும் அதனைத் தத்தம் நினைவகத்திற் சேமித்துக்கொள்ளுதல். மற்றையது, பின்னர் ஒவ்வொரு தடவையும் அச்சாவியைக் கொண்டு "நீ முன்னர் நான் கண்ட அதே கருவிதானா" எனச் சோதித்துத் தொடர்பு கொள்ளுதல். முன்னையது ஒருமுறை நிகழ்வது. பின்னையது நாளும் நிகழ்வது. தமிழில் நாம் இரண்டையும் "இணைத்தல்" என்ற ஒரே சொல்லால் வழங்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகின்றது. முன்னையதைச் சோடி சேர்த்தல் என்றும், பின்னையதை இணைத்தல் என்றும் வேறுபடுத்துவோமாக. எருதுகளைச் சோடி சேர்ப்பதற்கும், சோடி சேர்ந்த எருதுகளை ஏரில் பூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த வன்னி விவசாயிக்கு இது விளங்காதது அன்று.

தொடக்ககாலத்தில் இரு கருவிகளிலும் ஒரே இரகசிய எண்ணை இடுவதன் மூலமே சோடி சேர்க்கப்பட்டது. பொத்தான்களற்ற கருவிகளுக்கு "0000" அல்லது "1234" எனத் தொழிற்சாலையிலேயே எண் பதிக்கப்பட்டது. 2007 இல் வெளிவந்த 2.1 ஆம் பதிப்பு இம்முறையை மாற்றியது. அதன்படி, இரு கருவிகளும் ஆறிலக்க எண்ணொன்றைக் காட்ட, மனிதர் அவை ஒன்றே என உறுதிசெய்யலாம். அல்லது ஒன்று காட்டும் எண்ணை மற்றையதில் தட்டலாம். திரையும் பொத்தானும் அற்ற கருவியாயின் எதனையும் வினவாமலே சேரலாம். அல்லது வேறொரு வழியால் இரகசியத்தைப் பரிமாறலாம். இந்நான்கு வழிகளில் எது கையாளப்படும் என்பது இரு கருவிகளின் ஆற்றலைப் பொறுத்தது.

கணினி அறிந்ததும் நமக்குக் கூறுவதும்

இத்தகைய செயலொன்று பல இடங்களிற் பிழைக்கலாம். மறுபக்கக் கருவி சோடி சேரும் நிலையில் இல்லாதிருக்கலாம். எண் தவறியிருக்கலாம். எண்ணை இடத் தாமதித்ததால் நேரம் கடந்திருக்கலாம். எவரேனும் "வேண்டாம்" என அழுத்தியிருக்கலாம். ஒரு பக்கத்திற் சாவி அழிந்து மறுபக்கத்திற் பழைய சாவி எஞ்சியிருக்கலாம். கணினி வேண்டும் பாதுகாப்பு அளவைப் பழைய கருவி எட்டாதிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. எண் தவறியவன் எண்ணைத் திருத்தவேண்டும். சாவி அழிந்தவன் பழைய பதிவை நீக்கிப் புதிதாகச் சோடி சேர்க்கவேண்டும். பாதுகாப்பு அளவு பொருந்தாதவன் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை.

இவ்வேறுபாடுகளைப் பொதுவிதிகள் நன்கறியும். "அடையாள உறுதிப்பாடு தோல்வி" என்பதற்கு ஐந்தாம் இலக்கமும், "சாவி இல்லை" என்பதற்கு ஆறாம் இலக்கமும் எனத் தனித்தனி வழு எண்களே வகுக்கப்பட்டுள்ளன. லினக்ஸ் இயங்குதளத்தின் புளூடூத் அடுக்கான புளூசெட், சோடி சேர்த்தல் தவறும்போது, முயற்சி கைவிடப்பட்டதா, மறுக்கப்பட்டதா, நேரம் கடந்ததா, அடையாளம் பொருந்தவில்லையா, தொடர்பே கிட்டவில்லையா, முன்னரே சோடி உள்ளதா என வெவ்வேறு பெயர்களால் மேலுள்ள மென்பொருளுக்கு அறிவிக்கின்றது. விண்டோஸ் இயங்குதளம் நிரலாளருக்கு வழங்கும் இடைமுகத்தில் சோடி சேர்த்தலின் விளைவுகள் 20 ஆக வகுக்கப்பட்டுள்ளன. அங்ஙனமாயின், அடித்தளத்தில் இருபதாக இருந்த உண்மை, மனிதரின் கண்ணை எட்டும்போது ஒன்றாகச் சுருங்குவது எங்கே? மேசைக்கணினியின் முகப்பு மென்பொருளை எழுதுபவனின் கையிலே தான். அவன் இருபது விடைகளைப் பெறுகிறான். "ஆம்" ஒன்றைப் பிரித்தெடுக்கிறான். எஞ்சிய அனைத்தையும் ஒரே கூடையில் இட்டு "முடியவில்லை" என எழுதிவிடுகிறான்.

இதனினும் கேடானது பொய்க்காரணம் கூறுதல். எண் எதனையும் கேட்காத ஹெட்செற் ஒன்றைச் சேர்க்க முயன்றவரிடம் "எண்ணைச் சரிபார்க்க" எனக் கூறும் வாசகம் பலரும் கண்டதே. இடாத எண்ணை எவ்வாறு சரிபார்ப்பது? நம் இலக்கணகாரர் இதனைக் கண்டிருப்பின் விடை வழு எனப் பெயரிட்டிருப்பர். வினாவுக்குப் பொருந்தா விடை என்பதோடு, கருவியின் குற்றத்தைப் பயனாளரின் மேல் ஏற்றும் விடையும் அது.

இரண்டு எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். பொறியியல், கணினியியல் மாணவர் பலர் ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பர். கணினியின் புளூடூத் முகவரி இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கெனத் தனிச் சாவியைச் சேமிக்கின்றது. ஹெட்செற்றோ அம்முகவரிக்கு இறுதியாகப் பெற்ற ஒரு சாவியையே நினைவில் வைத்திருக்கும். ஆகவே ஒன்றிற் சோடி சேர்த்தால் மற்றையதில் அடையாளம் பொருந்தாது போகும். "இக்கருவி வேறு சாவியை வைத்திருக்கின்றது" என்ற ஒரு வரி இருந்தால் மாணவன் ஒரு நிமிடத்தில் உண்மையை உணர்வான். அவ்வரி இல்லாமையால் ஹெட்செற் பழுதென எண்ணுகிறான்.

மற்றையது விசைப்பலகை. திரையில் தோன்றும் ஆறிலக்கங்களைப் புதிய விசைப்பலகையிலே தட்டி இறுதியில் என்ரர் விசையை அழுத்தவேண்டும். முகப்பு மென்பொருள் அவ்வெண்ணைக் காட்டாது விட்டாலோ, காட்டியும் எங்கே தட்டுவது எனக் கூறாது விட்டாலோ, நேரம் கடந்து முயற்சி முறிந்துவிடும். அப்போது தோன்றுவதும் அதே "மீண்டும் முயல்க". வழியைக் காட்டாதவன் வழி தவறியதற்கு நம்மைக் கடிகின்றான்.

வன்னியில் இதன் விலை

இக்குறை உலகெங்கும் உள்ளதே; வன்னியை இதற்குள் இழுப்பது ஏன் எனக் கேட்கலாம். தலைநகரில் ஒருவர் கருவி பழுதென எண்ணினால் அடுத்த தெருவிற் கேட்டறிவார். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழ்பவர் கருவியைக் கையிற் கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பேருந்தேறவேண்டும். ஒரு நாட்கூலியை இழக்கவேண்டும். கடைக்காரர் பழைய பதிவை நீக்கி அரை நிமிடத்திற் சேர்த்துக் கொடுப்பார். அல்லது அவருக்கும் காரணம் தெரியாமையால் புதிய கருவியை விற்பார். திரையில் எழுதப்படாத ஒரு வரியின் விலை இது. அதனை எழுதாது விட்டவன் செலுத்துவதில்லை, வன்னியிலுள்ளவரே செலுத்துகின்றார்.

இன்னொன்றும் உண்டு. காரணங் கூறாது திருப்பி அனுப்பப்படுதல் இம்மண்ணின் மக்களுக்குப் புதிதன்று. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டு 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட காலப்பகுதியில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தோர் அடையாளத்தை நிரூபித்தல் என்பது யாதென்பதை உடலால் அறிந்தவர். அட்டையைக் காட்டியும் "போகமுடியாது" எனப்பட்டவருக்கு "ஏன்" என்ற வினா தொண்டையிலேயே நின்றது. ஆயுதந் தாங்கிய சாவடியையும் கணினித் திரையையும் சமன்செய்தல் நமது நோக்கமன்று; ஒன்று உயிரைத் தொட்டது, மற்றையது வசதியைத் தொடுவது. ஆயினும் அதிகாரத்தின் இயல்பு ஒன்றே: மறுக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டு, காரணங் கூறுங் கடமையைத் துறத்தல். அவ்வியல்பு எவ்வளவு சிறிய வடிவிற் புகுந்தாலும் அதனை இனங்காணும் தகுதி வன்னியாருக்கு உண்டு.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகமொன்று கேட்ட தகவலை மறுக்குமாயின் மறுப்பின் காரணத்தைக் கூறவேண்டும் என விதிக்கின்றது. காரணங் கூறாத மறுப்பு மறுப்பாகாது என்னும் கொள்கை இந்நாட்டின் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அதே அலுவலகத்து மேசையிலுள்ள மென்பொருளிடம் அக்கொள்கையை எதிர்பார்ப்பது மிகையாகுமோ?

மறுப்பாரின் வாதங்கள்

மென்பொருள் எழுதுவோர் தம் செயலுக்கு மூன்று நியாயங்கள் கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

"பொதுமக்களுக்குக் காரணம் விளங்காது" என்பது முதலாவது. வன்னியின் வரலாறே இதற்கு விடை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலங்கள் வடபகுதிக்கு வருதல் தடுக்கப்பட்டபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் இம்மக்கள். பெற்றோல் இன்றி, சில துளிகளால் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர் இவர்கள். காரணம் தெரிந்ததனாலேயே மாற்றுவழி கண்டனர். இயந்திரம் அவர்களுக்கு எதனையும் மறைக்கவில்லை. பிரித்துப் பார்க்கக்கூடியதாய் இருந்தது. இன்றைய கருவியை அவர்களுக்கு விளங்காததாக்கியது அவர்களின் அறிவுக்குறைவு அன்று, மூடிக்கட்டிய முகப்பே.

"காரணத்தைக் கூறினால் திருடனுக்கு உதவியாகும்" என்பது இரண்டாவது. இது மூன்றினுள்ளும் கனமானது. தொலைவிலிருந்து ஒருவர் வங்கிக் கணக்கினுள் நுழைய முயலும்போது, பெயர் பிழையா கடவுச்சொல் பிழையா எனப் பிரித்துக் கூறலாகாது என்பது உண்மையே. கூறின் பெயரேனும் சரியென அவர் அறிந்துகொள்வார். அவ்விதியை இங்கும் பொருத்துவது மயக்கம். சோடி சேர்த்தலில் அறிவிப்பு தோன்றுவது தாக்குபவனின் கையில் அன்று; உரியவரின் திரையில். இரு கருவிகளும் அவர் முன்னே மேசைமீது உள்ளன. வானொலி அலையால் மறுபக்கத்துக்குச் செல்லும் விடை எத்தகையதாயினும், உரியவருக்குக் காட்டும் விளக்கத்தை அது கட்டுப்படுத்தாது. வீட்டுக்காரனிடமிருந்து வீட்டின் பூட்டுப் பழுதை மறைத்துத் திருடனைத் தடுத்தோம் என்பார் உளரோ?

உண்மையில் மறைப்பே ஆபத்தை வளர்க்கின்றது. முன்னர் சோடி சேர்ந்த கருவியொன்று திடீரென அடையாளத்தில் தவறுவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். அது மீளமைக்கப்பட்டுச் சாவியை இழந்திருக்கலாம். அல்லது வேறொரு கருவி அதன் முகவரியைச் சூடி நடிக்கலாம். அத்தகைய நடிப்பு வெறுங்கற்பனை அன்று. சோடி சேர்ந்த கருவியாக வேறொன்று நடிக்கமுடியும் என்பதைப் பொதுவிதிகளின் ஓட்டைகளைக் கொண்டு ஆய்வாளர் 2020 இல் நிறுவிக்காட்டினர். இவ்விரண்டினுள் எது நிகழ்ந்தது என்பதை மென்பொருள் தானாக முடிவுசெய்ய இயலாது. "இன்று காலை ஹெட்செற்றை மீளமைத்தேனா?" என்பதை அறிந்தவர் மனிதர் ஒருவரே. ஆகவே, தோல்வி கண்டவுடன் பழைய சாவியை ஓசையின்றி அழித்துப் புதிதாகச் சேர்த்துவிடும் "வசதியான" மென்பொருள், நடிகனுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றது. "முடியவில்லை" என்று மட்டும் கூறும் மென்பொருளோ, எதைக் கண்டாலும் "ஆம்" என அழுத்தும் பழக்கத்தை மக்களுக்கு ஊட்டுகின்றது. ஆறிலக்கங்களை ஒப்பிடுமாறு கேட்பது எதற்கென்று ஒருபோதும் கூறப்படாதவர் அவற்றை ஒப்பிடார். பொத்தானை மட்டும் அழுத்துவார். அப்போது பாதுகாப்பு முறை முழுவதும் வெறுஞ்சடங்காகும்.

"மீண்டும் முயல்க என்பதே நடைமுறையிற் பெரும்பாலும் போதும்" என்பது மூன்றாவது. சில வேளைகளிற் போதும் என்பது மெய். பேட்டரி தளர்ந்தோ தூரம் கூடியோ தவறியது மறுமுறை சேரலாம். ஆனால் அடையாளத் தவறுகளில் இவ்வறிவுரை தீங்கே செய்யும். எண்ணை ஊகித்து ஊகித்து முயல்வோரைத் தடுப்பதற்காக, ஒரே கருவி அடுத்தடுத்துத் தவறும்போது அடுத்த முயற்சிக்கு முன் காத்திருக்கவேண்டிய நேரத்தைப் பன்மடங்காகக் கூட்டுமாறு பொதுவிதிகளே கூறுகின்றன. ஆகவே, காரணம் அறியாது அவசரமாக மீண்டும் மீண்டும் முயல்பவர் தம் கதவைத் தாமே மேலும் இறுகப் பூட்டுகின்றார். அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது யார்? "மீண்டும் முயல்க" என்ற அதே திரை.

செய்யவேண்டியவை

கண்டனத்தோடு நின்றுவிடுதல் முறையன்று. முகப்பு மென்பொருள் எழுதுவோரிடம் நாம் கோருவன நான்கு. முதலாவது, அடித்தளம் பிரித்தறிவித்த காரணத்தைச் சுருக்காது கூறுதல். இரண்டாவது, காரணத்தை அடுத்து அதற்குரிய பரிகாரத்தைக் கூறுதல்: "ஹெட்செற் பழைய சாவியை இழந்துவிட்டது, நீர் அதனை மீளமைத்திருப்பின் பழைய பதிவை நீக்கிப் புதிதாகச் சோடி சேர்க்கவும், மீளமைக்கவில்லையாயின் இப்போது சேர்க்கவேண்டாம்" என்பதுபோல. மூன்றாவது, காரணம் மென்பொருளுக்கே தெரியாதவிடத்துத் தெரியாது என ஒப்புக்கொள்ளுதல். பயனாளரின் மேற் பழிபோடாமை. நான்காவது, சாவியை அழித்தல் போன்ற முடிவுகளை மனிதரைக் கேளாது எடாமை.

இவற்றை எழுத மாபெரும் ஆய்வுகூடம் வேண்டியதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் முகப்பு மென்பொருள்கள் பல திறந்த மூலத்தன. எவரும் வாசிக்கலாம், திருத்தி அனுப்பலாம், தமிழாக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி கற்போர் உளர். ஆங்கிலத்திற் கற்று ஆங்கிலத்திற் பரீட்சை எழுதும் இம்மாணவர், தம் ஊரார் காணும் திரையில் ஒரு வரி தமிழைச் செம்மையாக்குதல் இறுதியாண்டுச் செய்திட்டத்துக்குத் தகுதியற்றதென எண்ணுவராயின், அவ்வெண்ணமே நமது உயர்கல்வியின் நோய் எனல் வேண்டும்.

மொழித்துறை மாணவருக்கும் இதிற் பங்குண்டு. ஆங்கில வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "அங்கீகாரம் தோல்வியடைந்தது" என எழுதிவிடுதல் தமிழாக்கம் ஆகாது. யாருடைய அங்கீகாரம், யார் மறுத்தார், அடுத்து யாது செய்வது என்பன அதில் இல்லை. எழுவாயை மறைத்த வாக்கியம் பொறுப்பையும் மறைக்கின்றது. "விசைப்பலகை நீர் தட்டிய எண்ணை ஏற்கவில்லை" என்பது தமிழ். அதில் செய்தவரும் உளர், செயப்பட்டதும் உண்டு.

1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கிற்று. அவ்வுரிமை அறிவிப்புப் பலகைகளிலும் படிவங்களிலும் எவ்வாறு பேணப்படுகின்றது எனக் கண்காணிக்கும் நாம், நாள்முழுதும் நம்மோடு பேசும் திரையைக் கண்காணிக்க மறந்துவிட்டோம். அது தமிழிற் பேசினால் மட்டும் போதாது, உண்மையும் பேசவேண்டும். வழு நேர்ந்ததெனில் எந்த வழு எனக் கேட்போம். விடை கூறாத மென்பொருளைத் திருத்துவோம். திருத்தவிடாததை விட்டு வேறொன்றை நாடுவோம். "மீண்டும் முயல்க" என்பதை விடையென ஏற்றுக்கொண்டு வாளாவிருத்தல் இனியும் நமக்குத் தகாது.